இரவில் ஊறி, காலையில் வேகும் ரொட்டி: பிரெஞ்சு டோஸ்ட்டின் வரலாறு

முட்டையும் பாலும் கலந்த கலவையில் ரொட்டித் துண்டை ஊறவைத்து, சூட்டில் இறுகவைத்துச் செய்யும் உணவு பிரெஞ்சு டோஸ்ட். வழக்கமாக அதைத் தோசைக்கல்லிலோ வாணலியிலோ வெண்ணெய் விட்டு, துண்டு துண்டாகத் திருப்பிப் போட்டுச் சுடுவார்கள். அதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. முந்தைய இரவே துண்டுகளை ஒரு பாத்திரத்தில் அடுக்கி, மேலே கலவையை ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார்கள். காலையில் எடுத்துப் பாத்திரத்தோடு ஓவனில் வேகவிடுவார்கள். அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் காலைக்கும் விருந்தினர் தங்கும் நாட்களுக்கும் உரிய உணவாக இது நிலைபெற்றுவிட்டது. ஊறவைக்கும் முறை ரோமானியர் காலத்தது. இரவில் ஊறவைத்துக் காலையில் வேகவைக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் வீட்டுக் கருவிகளோடு வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும், மீந்த ரொட்டியை வீணாக்காமல் காத்த சமையலறைகளின் வரலாறாகவே இருக்கிறது.

பழைய ரொட்டி என்னும் மூலப்பொருள்

இடைக்கால ஐரோப்பாவில் அன்றாடம் புது ரொட்டி உண்டவர்கள் சிலரே. பெரும்பாலான வீடுகளில் ரொட்டி சுடும் அடுப்பு கிடையாது. அதைக் கட்டச் செலவாகும். ஒருமுறை சூடேற்றக் கட்டுக்கட்டாக விறகு வேண்டும். பிரான்ஸின் பல பகுதிகளில் நிலப்பிரபுவுக்குச் சொந்தமான பொது அடுப்பில்தான் ஊரார் ரொட்டி சுட வேண்டும். அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டும். அதனால் ஒருமுறை சுட்ட ரொட்டியைப் பல நாட்களுக்கு வைத்து உண்டார்கள். விறகு அரிதான ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே ரொட்டி சுட்டு, மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த ரொட்டியை வெட்டுவதே கடினம். சூப்பிலோ பாலிலோ ஊறவைத்தால்தான் பல்லில் கடிபடும்.

ரொட்டி பழையதாகும்போது வெறுமனே ஈரம் வற்றுவதாகத்தான் நீண்ட காலம் எண்ணப்பட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் பூஸிங்கோ 1852இல் இதைச் சோதித்தார். ஈரம் வெளியேற வழியின்றி அடைத்து வைத்த ரொட்டியும் இறுகிப் பழையதாவதை அவர் காட்டினார். மாவிலுள்ள ஸ்டார்ச்தான் இதற்குக் காரணம். வேகும்போது ஸ்டார்ச் மணிகள் நீரை உறிஞ்சி, வீங்கி, மென்மையாகின்றன. ஆறிய பிறகு அவற்றின் மூலக்கூறுகள் மறுபடியும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன. குளிர்ந்த இடத்தில் இந்த இறுக்கம் இன்னும் விரைவாக நடக்கும். சூடாக்கினால் இறுக்கம் ஓரளவு தளரும். பழைய ரொட்டியை வாட்டினால் மென்மை திரும்புவது இதனால்தான்.

இந்த இறுக்கமே பிரெஞ்சு டோஸ்ட்டுக்கு உதவுகிறது. புது ரொட்டி கலவையில் நனைந்ததும் குழைந்து உதிர்ந்துவிடும். பழைய ரொட்டியின் துளைச் சுவர்கள் உறுதியாக இருப்பதால் பாலையும் முட்டையையும் நிறைய வாங்கிக்கொண்டும் துண்டு உருக்குலையாது நிற்கும். தனியே உண்ண ஏற்றதல்லாத ரொட்டி இந்த உணவுக்குப் பொருத்தமான ரொட்டியாக ஆனது இப்படித்தான்.

ரோமிலிருந்து அரண்மனைச் சமையலறைகளுக்கு

இம்முறையின் மிகப் பழைய எழுத்துச் சான்று, அபிசியுஸ் பெயரில் வழங்கும் லத்தீன் சமையல் தொகுப்பில் இருக்கிறது. கி.பி. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவம் பெற்ற அந்த நூலின் ஏழாம் பகுதியில் இனிப்புகளிடையே ஒரு குறிப்பு வருகிறது. உயர்ந்த வெள்ளை ரொட்டியின் மேலோட்டை நீக்கி, பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறச் சொல்கிறது அது. லத்தீன் மூலத்தில் முட்டை இல்லை. ஊறவைத்தல், பொரித்தல், இனிப்பூட்டல் என்ற மூன்று படிகளும் அப்போதே அமைந்துவிட்டன.

முட்டை இடைக்கால நூல்களில் தெளிவாக இடம்பெறுகிறது. பிரெஞ்சு அரசர்களின் சமையல்காரரான தாயேவானின் பெயரில் வழங்கும் 'வியான்டியே' நூலின் 15ஆம் நூற்றாண்டு வடிவத்தில் 'பொன்னிறத் துண்டுகள்' என்ற பொருளில் ஒரு செய்முறை உண்டு. இறுகிய வெள்ளை ரொட்டியைச் சதுரமாக வெட்டி, கம்பித் தட்டில் சற்று வாட்டி, அடித்த மஞ்சள் கருவில் நன்றாகப் புரட்டி, சூடான கொழுப்பில் பொன்னிறமாகப் பொரித்து, சர்க்கரை தூவ வேண்டும். ரொட்டி இறுகியதாக இருக்க வேண்டுமென்று நூலே சொல்கிறது. இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுதிய மேஸ்த்ரோ மார்த்தினோ, முட்டையோடு சர்க்கரையும் பன்னீரும் கலந்து, அதில் துண்டுகளை ஊறவைத்துப் பொரித்தார். பொரித்தவற்றின் மேல் குங்குமப்பூ கலந்த பன்னீரைத் தெளித்தார்.

இங்கிலாந்தில் 1430ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹார்லியன் கைப்பிரதி ஒன்றில், 'இழந்த ரொட்டி' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரோடு இதே உணவு வருகிறது. மஞ்சள் கருவை வெள்ளையிலிருந்து பிரித்து வடிகட்டி, உப்பிட்டு, வட்டமாக வெட்டிய ரொட்டியை அதில் நனைத்து, உருக்கித் தெளிவித்த வெண்ணெயில் பொரிக்கச் சொல்லும் அதன் ஆசிரியர், துண்டு சட்டியில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்படியும் எச்சரிக்கிறார். அடுப்பருகே நின்று செய்து பார்த்தவரிடமிருந்தே இத்தகைய எச்சரிக்கை வரும். ஜெர்மன் மொழியில் 'ஏழை வீரர்கள்' என்று பொருள்படும் பெயர், 1350ஐ ஒட்டி வூர்ட்ஸ்பர்க்கில் தொகுக்கப்பட்ட சமையல் நூலிலேயே காணப்படுகிறது.

பெயர்கள் வறுமையைச் சொன்னாலும் எழுதப்பட்ட செய்முறைகள் செல்வர் வீட்டவை. வெள்ளை மாவு ரொட்டி, சர்க்கரை, குங்குமப்பூ மூன்றும் அக்காலத்தில் விலை மிகுந்தவை. சமையல் நூல் எழுதவும் எழுதுவிக்கவும் வசதியுள்ளவர்களின் அடுக்களைகளே பதிவாகியிருக்கின்றன. அந்த அடுக்களைகளிலும் ரொட்டி மீந்தது, அதை எறியவும் யாருக்கும் மனம் வரவில்லை என்பதை இச்செய்முறைகளே உணர்த்துகின்றன.

தவக்காலமும் பேறுகாலமும்

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இந்த உணவு சமயத்தோடும் குடும்பச் சடங்கோடும் இணைந்தது. ஸ்பெயினில் 'தொர்ரிஹா' என வழங்கும் இது புனித வாரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இறைச்சி விலக்கப்பட்ட அந்நாட்களில், பாலிலோ ஒயினிலோ ஊறி, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் பொரித்த ரொட்டி வயிற்றை நிறைத்தது. கவிஞர் ஹுவான் டெல் என்சீனாவின் 1496ஆம் ஆண்டுத் தொகுப்பில், தேனும் நிறைய முட்டையும் கொண்டு செய்யும் இந்தப் பண்டம் பிள்ளை பெற்ற தாய்க்குக் கொண்டுசெல்லும் பொருட்களோடு சேர்த்துக் குறிப்பிடப்படுகிறது. போர்ச்சுகலில் இதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்று பிள்ளை பெற்றவளின் துண்டுகள் என்று பொருள்படும். மாவுச்சத்து, கொழுப்பு, முட்டை, இனிப்பு எல்லாம் ஒரே கடியில் கிடைப்பதால் பேறுகால உணவாக அது ஏற்கப்பட்டது இயல்பே. அங்கே கிறிஸ்துமஸ் மேசையிலும் இதற்கு நிலையான இடம் உண்டு.

போர்ச்சுகீசியர் வழியாகவே புளித்த மாவு ரொட்டி இந்தியாவின் மேற்குக் கரையிலும் இலங்கையிலும் பரவியது. கோவாவில் ஈஸ்டுக்குப் பதிலாகக் கள் ஊற்றி மாவைப் புளிக்கவைத்தார்கள். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்று அழைப்பது அந்தத் தொடர்பின் தடம். பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பரவிய பாம்பே டோஸ்ட், ஐரோப்பிய முட்டை ரொட்டியின் தோசைக்கல் வடிவமே. பெரும்பாலான வீடுகளில் ஓவன் இல்லாததால் அது கல்லில் சுடும் பண்டமாகவே நீடிக்கிறது.

வாணலியிலிருந்து ஓவனுக்கு

வாணலியில் சுடும் உணவு ஓவனுக்குள் சென்ற கதையை இங்கிலாந்தின் சமையல் நூல்கள் சொல்கின்றன. ஜெர்வேஸ் மார்க்கம் 1615இல் வெளியிட்ட இல்லத்தரசிகளுக்கான நூலில் கிராம்பு, ஜாதிபத்திரி, லவங்கப்பட்டை, ஜாதிக்காய், சர்க்கரை ஆகியவற்றை முட்டையில் கலந்து, வெண்ணெயில் இட்ட வெள்ளை ரொட்டித் துண்டுகளின் மேல் அதை ஊற்றிப் பொரிக்கும் முறை இருக்கிறது. இன்றைய பிரெஞ்சு டோஸ்ட்டின் பட்டை மணம் அந்த மரபிலிருந்து வந்தது. பிரெஞ்சு டோஸ்ட் என்ற பெயர் ராபர்ட் மே 1660இல் வெளியிட்ட நூலில் வருகிறது. அவர் சொன்னது வேறொரு பண்டம். வாட்டிய ரொட்டியை ஒயின், சர்க்கரை, ஆரஞ்சுச் சாறு ஆகியவற்றில் ஊறவைப்பது அது; முட்டை அதில் இல்லை.

ஓவன் வழியைத் திறந்தது ரொட்டி புட்டிங். எலைசா ஸ்மித்தின் பெயரில் 1727இல் வெளிவந்த நூலில் வெண்ணெய் தடவிய மெல்லிய ரொட்டித் துண்டுகளை ஒரு பாத்திரத்தில் வரிசையாக அடுக்கி, அடுக்குகளுக்கிடையே உலர்திராட்சை தூவும் செய்முறை உள்ளது. காய்ச்சி ஆறிய பாலாடையில் பத்து மஞ்சள் கரு, ஜாதிக்காய், சர்க்கரை, ஆரஞ்சுப் பூநீர் கலந்து, பாத்திரம் அடுப்பினுள் செல்லும் நேரத்தில் அதை மேலே ஊற்ற வேண்டும். அடுக்கி, ஊற்றி, பாத்திரத்தோடு வேகவைக்கும் இன்றைய அமைப்பு முழுவதும் இதில் இருக்கிறது. ஒன்றே ஒன்று வேறு: ஊறும் நேரம் இல்லை. முட்டையும் பாலும் கலந்த பாத்திரத்தை இரவெல்லாம் வெளியே வைத்தால் காலைக்குள் கெட்டுப்போகும். அந்தத் தடை நீங்க இன்னும் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

அமெரிக்க வீட்டின் நான்கு மாற்றங்கள்

அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட பாஸ்டன் சமையல் பள்ளி நூலில் இந்த உணவு 'ஜெர்மன் டோஸ்ட்' என்ற பெயரில் வருகிறது. மூன்று முட்டை, ஒரு கோப்பைப் பால், சிறிது சர்க்கரை, உப்பு, ஆறு பழைய ரொட்டித் துண்டுகள் என்று அவர் அளவு தருகிறார். அளவுக் கோப்பையையும் கரண்டியையும் சமமாக வழித்து அளக்கும் பழக்கத்தை அமெரிக்க வீடுகளில் வேரூன்றச் செய்தவர் ஃபார்மர். அப்போதும் சுட்டது கல்லில்தான். அடுத்த அரை நூற்றாண்டில் வீட்டுக்குள் வந்த நான்கு மாற்றங்கள் இந்த உணவை முந்தைய இரவுக்கு நகர்த்தின.

முதலாவது, வெப்பநிலையைத் தானே சீராக வைத்திருக்கும் அடுப்பு. விறகும் நிலக்கரியும் எரிந்த அடுப்பில் சூட்டைக் கையால் உணர்ந்துதான் அறிய வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாயு அடுப்பிலும் மின்னடுப்பிலும் வெப்பக் கட்டுப்பாட்டுக் குமிழ் பொருத்தப்பட்டதும், முட்டைக் கலவையைத் திரியாமல் வேகவைப்பது எளிதானது.

இரண்டாவது, கண்ணாடிப் பாத்திரம். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி ஆலையில் பணியாற்றிய அறிவியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸியின் மண்பாத்திரம் அடுப்பில் விரிசல் விட்டது. 1913இல் லிட்டில்டன் ஆலையிலிருந்து கண்ணாடிப் பேட்டரி ஜாடியின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். கேக் சீராக வெந்தது. உள்ளே வேகுவது வெளியிலிருந்தே தெரிந்தது. பாத்திரத்தில் ஒட்டவும் இல்லை. 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் அந்த வகைக் கண்ணாடிப் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. அதே பாத்திரத்தில் ஊறவைத்து, வேகவைத்து, மேசையில் வைத்துப் பரிமாறவும் முடிந்தது.

மூன்றாவது, ஃபிரிட்ஜ். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1927இல் வெளியிட்ட, உச்சியில் வட்டமான இயந்திரம் அமைந்த ஃபிரிட்ஜ் அமெரிக்க நடுத்தர வீடுகளில் பரவலாக நுழைந்தது. ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் ஐஸ் உருக உருகக் குளிர் மாறிக்கொண்டிருக்கும். மின்பெட்டியின் குளிர் இரவு முழுவதும் நிலையாக நிற்கும். முட்டையும் பாலும் கலந்த பாத்திரத்தை எட்டு மணி நேரம் நம்பி வைக்கும் வசதி இதனால் வந்தது.

நான்காவது, வெட்டிய ரொட்டி. ஆட்டோ ரோவெடர் உருவாக்கிய இயந்திரத்தால் துண்டு போட்ட ரொட்டி, 1928 ஜூலை 7 அன்று மிசௌரி மாநிலத்தின் சில்லிகோத்தி நகரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. வெட்டிய ரொட்டி விரைவில் காயும் என்று ரொட்டி ஆலைக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். உறையிட்டு விற்று அந்தக் குறையைத் தீர்த்தார்கள். மக்கள் அதற்கு எவ்வளவு பழகிவிட்டார்கள் என்பதைப் போர்க்காலம் காட்டியது. 1943 ஜனவரி 18 அன்று அமெரிக்க அரசு வெட்டிய ரொட்டி விற்பனையைத் தடைசெய்தது. எதிர்ப்பு வலுக்க, மார்ச் 8 அன்று தடை நீங்கியது. ஒரே கனமுள்ள துண்டுகள் கிடைத்ததால் அடுக்குகள் சமமாக ஊறி, சமமாக வெந்தன.

அடுக்கு ரொட்டியின் உப்புச் சுவை வடிவமும் இதே காலத்தில் வளர்ந்தது. ஜூனியாட்டா ஷெப்பர்டின் 1902ஆம் ஆண்டு நூலில் ரொட்டி, வெள்ளை சாஸ், சீஸ் அடுக்கிச் செய்யும் 'ஸ்ட்ராட்டா' வருகிறது. முட்டை அதில் இல்லை. பின்னர் முட்டையும் பாலும் சேர்ந்து, முந்தைய இரவே தயார் செய்யும் காலையுணவாக அது மாறியது. இனிப்பு வடிவமும் அதே வழியில் சென்றது. இங்கிலாந்தில் எழுத்தாளர் கை பெரிங்கர் 1895இல் ஞாயிறு காலையுணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கும் பிரன்ச் வழக்கத்துக்காக வாதாடி எழுதினார். அமெரிக்காவில் அந்த வழக்கம் வேரூன்றியபோது, பலருக்கு ஒரே நேரத்தில் பரிமாறத்தக்க உணவு தேவைப்பட்டது. கல்லில் இரண்டிரண்டாகச் சுட்டால் முதல் தட்டு ஆறிய பிறகே கடைசித் தட்டு வரும். சுடுபவர் மேசைக்கு வரவே முடியாது. ஓவன் வடிவத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணலாம்.

சிறிய பாத்திரத்தின் காலம்

அமெரிக்கச் செய்முறைகள் நீண்ட காலம் 9க்கு 13 அங்குலப் பாத்திரத்தையே அளவாகக் கொண்டிருந்தன. எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை உண்ணும் அளவு அது. வீடுகள் சிறுத்தன. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு வீட்டில் வாழ்வோரின் சராசரி 1960இல் 3.33, 2020இல் 2.53. இரண்டு மூன்று பேருக்கு ஏற்றது 8 அங்குலச் சதுரப் பாத்திரம்.

அந்த அளவுக்கு நான்கைந்து கனமான துண்டுகள், மூன்று முட்டை, ஒன்றரைக் கோப்பைப் பால், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு, சிறிது பட்டைத்தூள் போதும். பாத்திரத்தில் வெண்ணெய் தடவித் துண்டுகளை நெருக்கி அடுக்கி, கலவையை எல்லாத் துண்டுகளின் மேலும் படும்படி ஊற்றி, மேற்புறத்தை மெல்ல அழுத்திவிட வேண்டும். மேலே நிற்கும் துண்டுகள் காய்ந்தே இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அழுத்தம். பிறகு மூடி, 4 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத ஃபிரிட்ஜில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். காலையில், குளிர்ந்த கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடாதபடி அரை மணி நேரம் வெளியே வைத்து, 175 டிகிரி சூட்டில் 35 முதல் 40 நிமிடம் வேகவைப்பார்கள். மூடியை எடுத்துவிட்டால்தான் மேற்புறம் சிவக்கும்.

பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை 80 டிகிரியை ஒட்டி இறுகுகிறது. அதற்கு மேல் வெகுநேரம் சூடேறினால் முட்டைப் புரதம் சுருங்கி நீரை வெளித்தள்ளும். பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். நடுவில் கத்தியைச் செருகி எடுக்கும்போது பால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். சிறிய பாத்திரத்தில் ஓரத்துக்கும் நடுவுக்கும் தூரம் குறைவு. அதனால் ஓரம் காய்வதற்குள் நடுப்பகுதி இறுகிவிடும். குறைந்த அளவில் செய்யும்போது இந்த உணவு நன்றாக அமைவதற்கு இதுவே காரணம்.

கல்லில் சுடும் பிரெஞ்சு டோஸ்ட்டில் ஒவ்வொரு துண்டும் சில நிமிடமே ஊறுகிறது. அதனால் மெல்லிய துண்டு தேவை. இரவு ஊறலில் கனமான துண்டின் நடுவரை கலவை செல்கிறது. ரொட்டியின் மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே கஸ்டர்ட் போலவும் வேகிறது. நீண்ட நேரம் ஊறுவதால் ரொட்டி உறுதியானதாக இருப்பது கல்லில் சுடுவதைக் காட்டிலும் இங்கே கூடுதலாக முக்கியம். கடையில் வாங்கிய மென்மையான ரொட்டியை அன்றே பயன்படுத்தினால் காலையில் கூழாகக் கிடக்கும். அதனால்தான் இன்றைய செய்முறைகள் ஒருநாள் பழைய ரொட்டியைக் கேட்கின்றன. புது ரொட்டிதான் இருக்கிறதென்றால் துண்டுகளைக் குறைந்த சூட்டில் ஓவனில் உலர்த்திக்கொள்ளச் சொல்கின்றன.

ஒரு காலத்தில் எறிய மனமில்லாமல் பயன்படுத்திய பழைய ரொட்டியை இன்று தேடிச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அடுப்பு மாறியது, பாத்திரம் மாறியது, உண்ணும் நேரமும் மாறியது. 'இறுகிய ரொட்டி' என்று தாயேவானின் நூல் விதித்த விதி மட்டும் மாறவில்லை. வீட்டில் ரொட்டி மீந்துபோன இரவே இந்த உணவைச் செய்யச் சிறந்த இரவு.